இடப்பக்கம் நாலு விரல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று வருடமாக நான் எழுதிய எதுவும் நடந்ததில்லை. ஹாஸ்டல் சாம்பாரில் முதலை பிடிபடவில்லை. பிரின்சிபால் தன் நாற்காலிக்கே மெமோ கொடுக்கவில்லை. அவற்றையெல்லாம் நாலு பேராவது நம்பினார்கள். இது நடந்தது. இதை ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

தேதி 1965 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. இடம் தாராவி. கையில் கடிகாரம் இருந்தது. அன்று காலைதான் ரேடியோ செய்தியை வைத்து அதைத் திருத்தியிருந்தேன். ஆகவே நான் சொல்லும் மணிகள் சரியானவை. மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமா கணேசபாண்டியன், ஜெயினுலாப்தீன் முதலாளியின் தோல் கிடங்கில் லாரி டிரைவர். லாரியோடு இன்னொரு பொறுப்பும் அவருக்கு உண்டு. ஒரு பழைய பிக்கப் வண்டி. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்டபோது முதலாளியின் வாப்பா எடுத்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போட்டவரும் அவர்தான். இப்போது கிடங்கு வேலைக்கு வருடத்தில் இரண்டு தடவை போனால் அதிகம். ஆனால் முதலாளி விற்க மாட்டார். வாப்பா கை பட்ட வண்டி.

அந்த வண்டிக்கென்று ஒரு ஷெட் உண்டு. ஷெட்டுக்கு மேலே பலகைத் தளம் போட்டு ஓர் அறை. பத்துக்குப் பத்து. மாமா, பேராச்சி அத்தை, மூன்று பிள்ளைகள் ஆக ஐந்து பேர் ஏழு வருடமாக அதில்தான் குடியிருக்கிறார்கள். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எப்போது கேட்டாலும் வண்டி கிளம்ப வேண்டும். கிளம்புகிற வரைக்கும் அறை அவர்களுக்கு. அதற்காகவே மாமா ஞாயிறுதோறும் அதை ஒரு நடை ஓட்டி வருவார்.

முதலாளியின் மச்சான் மன்சூர் அலிக்கு அந்த ஷெட் மேல் கண். உப்பு மூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். மாமா வியாழக்கிழமை மழை ஈரத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. வெள்ளிக்கிழமையே மன்சூர் அலி வந்து நின்றார்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு நானே ஓட்டிப் பாப்பேன் வே. கெளம்பலன்னா ஷெட்டக் காலி பண்ணிருங்க."

மாதுங்கா ஹாஸ்டலில் இருந்த எனக்கு ஆள் வந்தது. பௌதிகம் படிக்கிறவன் என்பதால் எனக்கு டீசல் எஞ்சின் தெரியும் என்பது மாமாவின் நம்பிக்கை. லைசென்ஸும் இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தது.

ஞாயிறு மாலை 4.30. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். மாமா மேலே அறையில் குப்புறப் படுத்திருந்தார். தலையை வெளியே நீட்டினால் பலகை இடுக்கில் அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு கண்தான் எனக்கு வாத்தியார்.

"ஏலே பிரம்மநாயகம், தண்ணிய வடிச்சியா?"

"வடிச்சாச்சு மாமா."

"எவ்வளவு வந்துது?"

"அரை டம்ளர்."

"மழக்காலம்லா. டாங்கு உள்ளுக்குள்ளயே வேர்க்கும். ஓடுற வண்டிக்கு வேல கம்மிடே. நிக்கிற வண்டிக்குத்தான் வேல ஜாஸ்தி. சும்மா இருந்தா எல்லாம் கெடும். ஒன்னய மாதிரி."

டாங்கின் அடித் திருகைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். தண்ணீர் நின்று டீசல் வரும்வரை பிடிக்க வேண்டும். பிறகு கைப்பம்பை அடிக்க வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் டீசல் எஞ்சின் கிளம்பாது. அடித்தேன். குமிழி வந்தது. அடித்தேன். குமிழி வந்தது. நூற்றுப் பத்து வரை எண்ணினேன். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர். எஞ்சின் ஆயில் அளவு. பானெட்டுக்குள் ஒரு எலிக் குடும்பம். அதற்கு நிபந்தனையே இல்லாத வீடு. காலி செய்ய வைத்தேன். கடைசியாக, கழற்றி வைத்திருந்த பேட்டரி ஒயரைப் பூட்டினேன்.

"இப்பம் கேளு. கால் மணி நேரம் சும்மா ஓட விட்டா பத்தாது. மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வா. அப்பதான் பேட்டரி ஏறும், டயரும் ஒரே எடத்துல அமுங்காது. போறது லேசு. நேர வெளிய போயிரலாம். வாரதுதான் கஷ்டம். ரிவர்ஸ்லதான் உள்ள வரணும்."

"தெரியும் மாமா."

"ஒனக்கு என்ன தெரியும்? வலப்பக்கம் வாசல்ல ஒரு தூண் நிக்கி பாத்தியா? இந்த ரூமே அதுமேலதான் நிக்கி. அதுல இடிச்சேன்னு வையி, நானும் பிள்ளைகளும் ஒன் மடியில வந்து விழுவோம். அதனால இடப்பக்கச் சொவத்த ஒட்டியே வரணும். ஒட்டின்னா ஒட்டி. நாலு வெரலு."

"இருட்டுல எப்படித் தெரியும்?"

"அத்த பின்னால நின்னு தட்டுவா. தட்டிக்கிட்டே இருந்தா வரலாம். ஒத்தத் தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா முன்னால போ. சத்தத்த மட்டும் கேளு. திரும்பிப் பாக்காத. திரும்பிப் பாத்தா ஸ்டீரிங் ஒடிஞ்சிரும்."

"அத்தைகிட்ட சொல்லணுமா?"

"அவகிட்ட சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம்னா அவளே வந்திருவா. ஏழு வருசப் பழக்கம்."

வண்டியை எப்படி விடுவது என்று பம்பாயில் எல்லா டிரைவருக்கும் தெரியும். கிளீனர் தகரத்தில் தட்டுவான், டிரைவர் கேட்பான். யார் தட்டுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் வழக்கமே இல்லை.

6.35. எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் சாவியைத் திருப்பி முப்பது எண்ணினேன். ஸ்டார்ட்டரை அமுக்கினேன். ஒரே அமுக்கு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. மேலே மாமா இருமிக்கொண்டே கை தட்டினார். நான் கியர் போட்டேன்.

தட் தட்.

பின்னாலிருந்து. இரண்டு தட்டு. போகலாம்.

"சரி அத்தே!" என்று கத்திவிட்டு வெளியே எடுத்தேன்.

சந்தில் நிறுத்தி டயர்களைச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வண்டியின் பின்பக்கம், இடது மூலையில், தகரத்தில் ஓரிடம் மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளங்கை அளவு. வண்டி முழுக்கத் துரு. அங்கே மட்டும் பெயிண்டும் இல்லை, துருவும் இல்லை. ஏழு வருடம் தட்டித் தட்டித் தேய்ந்த இடம்.

அத்தையின் கை இவ்வளவு பெரியதா என்று நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

அத்தையைக் காணவில்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பாள்.

அது போர்க்காலம். பொழுது சாய்ந்தால் பம்பாயில் விளக்குக் கிடையாது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். வண்டி விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட். மீதிப் பாதியில் தெரிவது நம் வண்டியின் மூக்கு மட்டும். மெயின் ரோட்டில் சயான் பக்கமாக ஊர்ந்தேன். ஒரு இருட்டடிப்பு வார்டன் விசில் ஊதிக்கொண்டு, "பத்தீ பந்த் கரோ!" என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார். பக்கத்தில் யாரோ பீடி பற்றவைத்திருக்கிறார்கள். அந்த பீடியை எதிரி விமானம் தேடி வராமல் அவர் காப்பாற்றினார்.

7.06. திரும்பி வந்துகொண்டிருந்தேன். ரோடு காலி.

தட்.

ஒற்றைத் தட்டு. இடது பின் மூலையில்.

யோசிக்கவில்லை. கால் தானாகப் பிரேக்கில் போனது. வண்டி குலுங்கி நின்றது.

வண்டியின் முன்கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கைவண்டி. விளக்கில்லாமல், நடு ரோட்டில், ஆளில்லாமல். இருபது இருபத்தைந்து கம்பிகள். சரியாக என் நெஞ்சுக்கு நேரே.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். வண்டியில் யாருமில்லை. பின்பலகைச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி ஆடித் தகரத்தில் பட்டிருக்கிறது. பௌதிகம். ஏறி உட்கார்ந்தேன்.

சங்கிலி வலது பக்கம் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தட் தட்.

போனேன்.

7.19. சந்துக்குள் வந்து வண்டியைத் திருப்பி, ஷெட்டுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். முழு இருட்டு. மழை தூற ஆரம்பித்திருந்தது. வலது பக்கம் அந்தத் தூண் எங்கேயோ இருந்தது. அதன்மேல் மாமாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

"அத்தே! வரலாமா?"

பதில் இல்லை. ஆனால் தட்டு வந்தது.

தட்… தட்… தட்… தட்…

நிதானமான தட்டு. பழகின கை. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு வேகமானால் நானும் வேகமானேன். தட்டு தயங்கினால் ஸ்டீரிங்கை ஒடித்தேன். தூண் என் முழங்கையை உரசுவது போல ஊர்ந்து முன்னால் போயிற்று. ஒரு கீறல் இல்லை.

தட்… தட்… தட்…

இடப்பக்கம். பின் மூலை. சுவரோரம்.

தட்.

நிறுத்தினேன். 7.24. டீசல் எஞ்சின் சாவிக்கு நிற்காது. டீசலை அடைக்கிற குமிழை இழுக்க வேண்டும். இழுத்தேன். எஞ்சின் இரண்டு தடவை உதறி அடங்கியது. அமைதி. மழை மட்டும்.

"நல்லாத் தட்டினீங்க அத்தே" என்றேன்.

தட் தட்.

சிரித்தேன். அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வலது கதவை இடுக்கித் திறந்து, ஒருக்களித்து வெளியே வந்தேன். டார்ச்சில் நீலக் காகிதம் சுற்றியிருந்தது. அத்தை வெளியே வரட்டும் என்று இடப்பக்கம் அடித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

இடப்பக்கம் சுவர். சுவரை ஒட்டித் தகரம். நடுவில் நாலு விரல்.

கையை வைத்துப் பார்த்தேன். நாலே விரல். கட்டை விரலைச் சேர்த்தால் உள்ளே போகாது.

பின்னால் சுவர். அதற்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு சாண்.

அத்தையால் அங்கே நிற்க முடியாது. பூனை நிற்கும். பூனை தட்டாது.

முன்பக்கமிருந்து அந்த இடுக்குக்குள் டார்ச் அடித்தேன். நீல வெளிச்சம் கடைசி வரை போனது. சிலந்தி வலை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கோடியில் அந்தப் பளபளப்பு.

யாரும் இல்லை…

ஒன்றும் இல்லை…

தகரம் உள்ளே அமுங்கியது.

தட்.

வெளியே வந்தது.

கை இல்லை.

மறுபடி அமுங்கியது.

தட்.

இரண்டு தட்டு.

போகலாம் என்றது.

போனேன்.

சந்து முனையில் ஓடி நின்றபோது மணி 7.31. எதிரே பேராச்சி அத்தை வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். சேலை முழுக்க நனைந்திருந்தது.

"என்னலே இப்படி மூச்சு வாங்குத? நாய் வெரட்டுச்சா?"

"அத்தே… நீங்க எங்க இருந்தீங்க?"

"கொழாயடியில. ஆறு மணிக்கு லைன்ல நின்னவ. இன்னைக்குத் தண்ணி நூலு மாதிரி வருது. சவம், ரெண்டு கொடத்துக்கு ஒன்றர மணி நேரம்."

அத்தையிடம் சொன்னால் மாமாவுக்குப் போகும். மாமாவுக்குப் போனால் காலையில் அவர் முகத்திலேயே தெரியும். எட்டு மணிக்கு மன்சூர் அலி வருவார். எனக்கு அந்த அறை முக்கியம். ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். மேலே மாமா உற்சாகமாக இருந்தார்.

"பராபர் வெச்சிட்டேடே! சத்தத்துலயே தெரிஞ்சுது."

அன்று இரவு நான் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. அங்கேயும் தூங்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கீழே சத்தமே இல்லை. அதுதான்.

திங்கட்கிழமை காலை 8.10. பளீரென்ற வெயில். மன்சூர் அலி வந்து, யாரிடமும் பேசாமல் வண்டியில் ஏறினார். ஒரே அமுக்கு. கிளம்பியது. அவர் முகம் சுருங்கியது. வெளியே எடுத்து, சந்து முனை வரை போய்த் திரும்பி, ஷெட்டுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். குறை கண்டுபிடிக்க இன்னும் ஒரு இடம் பாக்கி. ரிவர்ஸ் போட்டார்.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நான்கு பேர். முதலாளி ஜெயினுலாப்தீன். கிடங்கு ஆள் நயினார். நான். இடுப்பில் கடைக்குட்டியோடு அத்தை. மாமா மேலே ஜன்னலில், மற்ற இரண்டு பிள்ளைகளோடு. நான்கு பேரும் வண்டிக்கு முன்னால்தான் நின்றோம். பின்னால் யாரும் போகவில்லை.

தட்… தட்… தட்… தட்…

மன்சூர் அலி கேட்டார். ஸ்டீரிங்கை ஒடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பம்பாய் டிரைவர்.

நான் கைகளை எண்ணினேன். முதலாளியின் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. அத்தையின் இரண்டும் குழந்தையைப் பிடித்திருந்தன. நயினாரின் ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் சுண்ணாம்பு. என்னுடையவை இரண்டும் பாக்கெட்டில். குழந்தையின் இரண்டும் அத்தையின் தாலிக்கயிற்றில். பத்து. கணக்கு சரி.

தட்… தட்…

தட்.

நாலு விரல் இடைவெளியில் வண்டி நின்றது. நயினார் என்னைப் பார்த்தார். நான் நயினாரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மடிக்காமலே கீழே போட்டார். அன்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டார்.

மன்சூர் அலி கதவிடுக்கில் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தார். மனிதர் முரடர், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

"வண்டில கொற இல்ல மச்சான். ஆனா சொல்லணும், நல்ல கை. எங்க லாரில கூட இப்படித் தட்ட ஆளில்ல. யாரு வே அது?"

ஜன்னலிலிருந்து மாமா பெருமையாகக் கத்தினார். "எம் பொஞ்சாதிதான்! ஏழு வருசமா அவதான் தட்டுதா!"

மன்சூர் அலி அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். முதலாளி வண்டியின் மூக்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். "பாண்டியா, நீ இருக்கிற காலமெல்லாம் அந்த ரூம் ஒனக்குத்தான். பேச்சு முடிஞ்சது" என்றார். போய்விட்டார்கள்.

8.40. மேலே போனோம். அத்தை குழந்தையை இறக்கிவிட்டாள்.

"என்னத்துக்குப் பொய் சொன்னிய?"

"என்ன பொய்?"

"நான் எப்பம் தட்டினேன்?"

மாமா சிரித்தார். "இவ ஒருத்தி. ஞாயித்துக்கெழம தோறும் நீதான தட்டுத?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் தண்ணி வார நேரம். நான் கொழாயடியில நிப்பேன். ஏழு வருசமா அங்கதான் நிக்கேன். நீங்க கிட்டங்கி ஆளு எவனையோ வெச்சுத் தட்டச் சொல்லுதியன்னுலா நெனச்சேன்."

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"மொத வாரம் சொன்னேனே. கீழ வந்து தட்டுன்னு."

"சொன்னிய. அன்னைக்குத் தண்ணி வெள்ளனயே வந்திட்டு. கொடத்தத் தூக்கிட்டு ஓடிட்டேன். நீங்களும் ஒண்ணும் கேக்கல."

மாமா கேட்கவில்லை. அவர்கள் இருவரும் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசிக்கொண்டால் அதிகம். அதுவும் அவருக்குத்தான் தட்டு கேட்டுவிட்டதே.

ஒவ்வொரு ஞாயிறும். ஏழு வருடம். முந்நூற்றுச் சொச்சம் தடவை.

நான் கேட்டேன். "மாமா, இந்த வண்டியில எப்பவாவது… யாராவது…"

"ஒரு கோழி செத்ததில்லடே இந்த வண்டியில."

பிறகு நானும் தனியாக விசாரித்தேன். முதலாளியின் வாப்பா காலத்து ஆட்களிடம் கூட. எந்தக் கிளீனரும் அடிபடவில்லை. எவரும் நசுங்கவில்லை. யாராவது செத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தை அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள். அந்த வருடத்து ஐந்தாவது வாக்கியம்.

"வண்டி உள்ள வார வரைக்கும் அது பக்கத்துலயே தட்டிக்கிட்டு வருது. செரி. வண்டி நின்னப்பொறவு அங்கன நாலு வெரலு எடந்தான் இருக்கு. அப்பம் அது எந்த வழியா வெளிய போவும்?"

மாமாவின் கண் பலகை இடுக்குக்குப் போனது.

தளத்தில், வண்டியின் அந்த இடது மூலைக்கு நேர் மேலேதான் பிள்ளைகளின் பாய் கிடந்தது. அத்தை போய் அதைச் சுருட்டினாள். கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பக்கம் அடுப்பு. அந்தப் பக்கம் தண்ணீர்க் குடங்கள். நடுவில் மாமாவின் மாவுக்கட்டுக் கால். ஜன்னலோரம் ஏணி இறங்கும் ஓட்டை.

வேறு இடம் இல்லை.

மணி 8.55. அத்தை பாயைத் திரும்ப அங்கேயே விரித்தாள்.